படத்தில் பார்த்த விளக்கு

நான் அதிகம் படம் பார்த்தவள் அல்ல. என் மகன் பார்க்கிற மாயாஜாலப் படங்களில் மலை பறக்கிறது, கோட்டை நடக்கிறது. அடுத்த கிழமை கேட்டால் அவனுக்கே கதை ஞாபகமில்லை. எனக்கோ ஒரே ஒரு படம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அதன் பெயர்கூடத் தெரியாது. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த பிறகு, நாங்கள் அகதிகளாக இருந்த பள்ளிக்கூடத்தில் பார்த்தது.

கடல் வந்த அன்று காலை அப்பா கல்லடியில் கரைவலை இழுக்கப் போயிருந்தார். திரும்பி வரவில்லை. அம்மாவுக்கு அப்போது ஏழாம் மாதம். அம்மாவின் தம்பியான மாமா, கிரானில் வயலைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து, தினமும் சைக்கிளில் அப்பாவைத் தேடிப் போவார். பின்னேரம் அவருடைய சைக்கிள் மணி கேட்டால் நான் வாசலுக்கு ஓடுவேன். "நாளைக்கும் பாப்பம் அக்கா" என்பார். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

எங்களுக்குச் சோற்றுப் பார்சல் கொண்டுவருகிற, நாங்கள் காக்கா என்று கூப்பிடும் காத்தான்குடி முஸ்லிம் அண்ணன் ஒருவர், பிள்ளைகள் பாவம் என்று ஒருநாள் மத்தியானம் டிவியும் டெக்கும் ஜெனரேட்டரும் ஏற்றிக்கொண்டு வந்தார். வகுப்பறை யன்னல்களைப் பாயால் மறைத்தார்கள். தமிழ் பேசுகிற வெளிநாட்டுப் படம். கடலரசன் ஒரு மீனவனைப் பிடித்துக் கடலுக்கடியில் சிறைவைக்கிறான். மீனவனின் மகள் கரையில் ஒரு விளக்கை ஏற்றி, அப்பா வந்தால் குடிக்க ஒரு பாத்திரத்தில் நல்ல தண்ணீரும் வைத்துக் காவல் இருக்கிறாள். விளக்கு அணையாத வரைக்கும் அவனுக்குத் திரும்பி வர வழி தெரியும்.

அலை எழுகிற கட்டம் வந்தது. எல்லோரும் மூச்சை அடக்கினோம். பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"என்னடா இது, அலை நீலமா வருது?"

"இவனுகள் கடலக் கண்டதே இல்ல மனே! கறுப்பாத்தானே வரும்."

"சத்தமும் பிழை. ஹெலி வாற மாதிரிக் கேக்கணும்."

காக்கா பதறிப்போய் எழுந்தார். "நிப்பாட்டவா புள்ளயள்?"

"வேணாம் காக்கா, பாம்பு வரட்டும்!"

அலையை நம்பாதவர்கள், ஏழு தலைப் பாம்பு வந்ததும் அப்படியே நம்பிப் பயந்தார்கள். நான் பாம்பைச் சரியாகப் பார்க்கவில்லை. காற்றில் ஆடிய அந்த விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மீனவன் கரையேறி வந்து மகள் வைத்த தண்ணீரைக் குடித்தான். பாம்பும் கடலரசனும் எப்படி இருந்தார்கள் என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்தப் படத்தில் என்னாலும் செய்யக்கூடிய ஒரு வேலை இருந்தது. அதனால்தான் அது என்னோடு நின்றுவிட்டது போலும்.

அடுத்த நாளே ஒரு தேங்காய்ச் சிரட்டையில் எண்ணெய் ஊற்றி, கிழிந்த சேலையில் திரி திரித்து, நாங்கள் படுக்கிற மூலையில் ஏற்றினேன். பக்கத்தில் ஒரு செம்பில் தண்ணீர். பிள்ளைகள் ஓடினால் பயம், யன்னல் திறந்தால் பயம். அணைந்தால் அப்பா இருட்டில் வேறு எங்காவது கரையேறிவிடுவார்.

பக்கத்து வகுப்பறை மாமி எட்டிப் பார்த்துவிட்டு மார்பில் கை வைத்தார். "என்ன புள்ள இது? செத்த ஊட்டில வைக்கிற மாதிரி விளக்கும் தண்ணியும் வெச்சிரிக்காய்? ஒப்பன் செத்தெண்டு ஆரு சொன்ன?"

அம்மா எழுந்து கத்தினார். "அணைடி அத! அவர் வருவார். அணை!"

எனக்குச் சின்ன வயதிலிருந்தே நாலு பேர் முன்னால் வாய் வராது. இரண்டு கையாலும் சுடரை மறைத்துக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில்தான் மாமா உள்ளே வந்தார். விளக்கைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"உனக்கு ஆரு மளே சொன்ன?"

"படத்தில... அணையாட்டி அப்பா வருவார் மாமா."

அவர் வந்து விளக்கின் முன்னால் குந்தினார். பிறகு, "அக்கா, அது படத்து விளக்கு. புள்ள வெச்சிட்டுப் போகட்டும், விடுங்க" என்றார்.

"படத்தப் பாத்து விளக்கு வைக்கிற ஆக்கள இப்பதான் காணுறன்" என்று மாமி முணுமுணுத்துக்கொண்டு போனார்.

அதன் பிறகு மாமாதான் எண்ணெய் வாங்கிவந்தார். சைக்கிளை விட்டிறங்கியதும் முதலில் திரியைத் தூண்டிவிடுவார். நான் கண் விழிக்கும்போது அவர் விளக்கின் பக்கத்தில் குந்தியிருப்பார். இவ்வளவு பெரிய மனிதரும் படத்தை நம்புகிறாரே என்று எனக்குப் பெருமை.

தம்பி பிறந்த பிறகுதான் மாமா உண்மையைச் சொன்னார். நாங்கள் படம் பார்ப்பதற்கு முன்பே, கையில் கட்டியிருந்த கோயில் நூலை வைத்து அப்பாவை ஆஸ்பத்திரியில் அடையாளம் கண்டு, மற்றவர்களோடு சேர்த்து அடக்கமும் செய்துவிட்டாராம். வயிற்றுப் பிள்ளையோடு இருந்த அம்மாவிடம் சொல்லப் பயந்து, தேடுவதாகச் சொல்லிக்கொண்டு எங்கெங்கோ சுற்றியிருக்கிறார். அப்படி மறைத்தவரால், இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் வரை வைக்கவேண்டிய விளக்கை வெளிப்படையாக எப்படி வைக்க முடியும்? நான் வைத்ததை அவர் காத்தார்.

ஆனால் அந்த முப்பத்தோராம் நாளன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. அம்மா கிளினிக்குக்குப் போயிருந்தார். மாமா அன்று வரை வளர்ந்திருந்த தாடியை வழித்து, தலை முழுகி, வெள்ளை வேட்டியோடு வந்தார். "வா மளே" என்று என்னையும் கூட்டிக்கொண்டு, சிரட்டையை வாவிக்குக் கொண்டுபோய்த் தண்ணீரில் விட்டார். அது எரிந்தபடியே மெல்ல விலகிப் போனது.

"ஏன் மாமா விட்ட? அப்பாவுக்கு வழி?"

"இனி அவருக்கு வழி தெரியும்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அப்பா வரப்போகிறார். அதனால்தான் மாமா வழித்துக் குளித்துவிட்டு வந்திருக்கிறார். பள்ளிக்கூடத்துக்கு ஓடிப்போய் முகம் கழுவி, தலை சீவி, செம்பில் புதுத் தண்ணீர் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் வாவிக்கரைக்குத் திரும்பி ஓடி வந்தேன்.