கோச் கொடுத்த கப்

அந்த ஞாயிற்றுக்கிழமை லண்டனில் அபூர்வமான வெயில். இல்ஃபோர்டில் ஒரு பூங்காவில் எங்கள் யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் கூடி ஆண்டுதோறும் நடத்தும் உதைபந்தாட்டப் போட்டி. அரைக்காற்சட்டையும் பெனியனுமாக நின்ற அந்தக் கூட்டத்தில் கோட்டும் டையுமாக வந்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் பிரதம விருந்தினரான டொக்டர். மற்றவர், தான்தான் கப் கொடுக்கப் போவதாக நம்பி வந்த எங்கள் கோச். அப்படி நம்பவைத்தவன் நான். வருடம் எத்தனையோ ஓடிவிட்டது, நினைத்தால் இன்றும் முகம் சுடுகிறது.

எண்பதுகளின் கடைசியில் அவரும் நானும் ஒரே கிடங்கில் வேலை செய்தோம். நான் பெட்டி ஏற்றுகிறவன், அவர் அவற்றை வான் வண்டியில் கொண்டுபோய்க் கடைகளில் இறக்குகிறவர். கிழக்கு லண்டனில் பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரர். சற்றுச் சாய்ந்து நடப்பார். முதுகு பிடித்திருக்கிறதாக்கும் என்று நினைத்திருந்தேன். முழங்காலை இரண்டு தரம் ஒப்பரேஷனில் வெட்டியிருக்கிறார்கள் என்பதும், அது பதினான்கு வருடம் சம்பளத்துக்குப் பந்து விளையாடிய கால் என்பதும் தெரிய எனக்கு ஒரு வருடம் எடுத்தது.

பதினாறு வயதில் பெரிய கழகம் ஒன்று அவரைப் பயிற்சிக்கு எடுத்திருக்கிறது. இரண்டு வருடம் பெரிய ஆட்டக்காரர்களின் பூட்ஸ் துடைத்தார். பதினெட்டு வயதில் ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகெல்லாம் கீழ்ப் பிரிவுகள்தான். நாலைந்து ஊர்கள், வாடகை அறைகள், மழையில் ஊறிய மைதானங்கள். ஒவ்வொரு வருடமும் ஆட்டங்கள் முடிந்ததும் மனேஜரின் அறைக்கு வெளியே வரிசையில் நிற்க வேண்டுமாம். உள்ளே போய் வருகிறவனின் முகத்தைப் பார்த்தே அவனுக்கு அடுத்த வருடம் ஒப்பந்தம் உண்டா இல்லையா என்று சொல்லிவிடலாமாம். கோடையில் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பார். அவர் தடுப்பாட்டக்காரர். மொத்தம் ஆறு கோல் அடித்ததாகவும் அதில் இரண்டு தங்கள் வலைக்குள் என்றும் தானே சொல்லிச் சிரிப்பார். முப்பத்திரண்டு வயதில் முழங்கால் கைவிரித்துவிட்டது.

நான் அப்போது எங்கள் கல்லூரிச் சங்கத்தின் விளையாட்டுச் செயலாளர். எங்கள் அணிக்கு வயதோடு தொப்பை வண்டியும் வளர்ந்திருந்தது. வருடா வருடம் முதல் சுற்றிலேயே அடி வாங்கிக்கொண்டு, மிச்ச நேரம் ஆட்டுக்கறிக் கொத்துரொட்டிக்கு முன்னால் நின்று வீரம் பேசுவோம். ஒரு ஞாயிறு சும்மா பார்க்க வந்த இவர், பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மாதிரி எல்லோரும் பந்துக்குப் பின்னால் ஓடுகிறீர்களே என்று தலையில் கை வைத்தார். அடுத்த ஞாயிறு கோல் கம்பங்களையும் வலையையும் வானில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். மூன்று வருடம் வந்தார். ஓடுவதைவிட எங்கே நிற்பது என்று தெரிந்திருப்பதுதான் பெரிது என்பார். ஒருவனின் தோளைப் பிடித்து ஓர் அடி இடப்பக்கம் நகர்த்திவிடுவார். அடுத்த பந்து நேரே அவன் காலுக்கு வரும். கூலியாக இரண்டு ஆட்டிறைச்சி ரோல்ஸ். உறைப்பில் மூக்கைச் சிந்திக்கொண்டே தின்பார்.

மூன்றாம் வருடம் நாங்கள் ஒரு நல்ல அணியாகவே ஆகியிருந்தோம். அந்த உற்சாகத்தில் ஒரு நாள் கிடங்கு வாசலில் வைத்து, இந்தமுறை பரிசளிப்பில் நீங்கள்தான் கப்பைக் கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். பதினான்கு வருடம் விளையாடியும் ஒரு கப்பைக் கையால் தொட்டதில்லை என்றார். பிறகு, என்ன உடுப்புப் போட்டு வரவேண்டும் என்று கேட்டார்.

அந்த வருடம் போட்டியை நடத்தும் முறை எங்கள் சங்கத்துக்கு; வெம்பிளியில் சங்கத் தலைவர் வீட்டில் கமிட்டி கூடியது. விருந்தினர் யார் என்ற பேச்சு வந்ததும் கோச்சின் பெயரைச் சொன்னேன்.

"தம்பி, வான் ஓடுற ஆளையே மேடையில ஏத்தப் போறீர்? மற்றக் கல்லூரிக்காரர் என்ன சொல்லுவினம்?" என்றார் தலைவர். "விழா மலரில படம் போடவேணும். பேருக்குப் பின்னால என்ன பட்டத்தைப் போடுறது?"

"அந்த மனுசனுக்கு இதெல்லாம் விளங்காது. முன்னுக்கு ஒரு கதிரையைப் போட்டு ரோல்ஸ் குடுத்தால் சரி," என்றார் இன்னொருவர்.

இப்படிச் சொன்ன தலைவர் கணக்கியல் படித்துவிட்டுப் பெற்றோல் செட்டில் காசு வாங்குகிறவர். மற்றவர் ஒரு ஹொட்டேலில் கோப்பை கழுவுகிறவர். வான் ஓடுகிறவரே மேடைக்கு ஆகாதென்றால் அந்த வானுக்குப் பெட்டி ஏற்றுகிற நான் யார்? அந்தக் கேள்வி யாருடைய வாயிலிருந்தும் வந்துவிடக்கூடாதே என்று பயந்தேன். "ஓம், அதுவும் சரிதான்," என்றேன். டொக்டரின் பெயர் தீர்மானமாயிற்று.

போட்டிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. தினமும் அவரைக் கண்டேன், தினமும் நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். கடைசியில் சொல்லவேயில்லை.

அன்றைக்கு நாங்கள் வென்றோம், இறுதி ஆட்டத்தில், கடைசி நிமிடத்தில். அவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் எல்லைக் கோட்டோரம் நின்று கத்திக்கொண்டிருந்தார். மகளுக்குக் கொப்புளிப்பான் அம்மை, இல்லாவிட்டால் அவளையும் அழைத்து வந்திருப்பேன் என்று இரண்டு தரம் சொன்னார். ஒலிபெருக்கியில் பரிசளிப்பு என்றதும் டையைச் சரிசெய்துகொண்டு மேடைப் பக்கம் வந்தார். அதே நேரம் தலைவர் டொக்டருக்கு மாலை போட்டார். கோச் நின்றுவிட்டார். டொக்டர் கீழே எங்களைப் பார்த்து, யார் இந்த ஜென்டில்மேன் என்று ஆங்கிலத்தில் கேட்டார். கேள்வி என்னிடம்தான் வந்தது. எங்கள் கோச் என்று சொல்ல இரண்டு சொல் போதும். தலைவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோல் கம்பம் கொண்டுவந்த வான் டிரைவர்," என்றேன்.

கோச்சின் காதிலும் அது விழுந்தது. அவருடைய மொழியில் அல்லவா சொன்னேன். ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு டொக்டரைப் பார்த்துச் சிரித்து, ஆமாம், டிரைவர்தான் என்றார். மைதானத்துக்குத் திரும்பிப் போய், கோட்டைக் கழற்றிப் புல்லில் போட்டுவிட்டு, வலையின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினார். என் பொய்யை உண்மையாக்கிக் கொடுத்தார். நாங்கள் மேடையில் கப் வாங்கிப் படம் எடுத்துக்கொண்டோம். ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யாரோ நான் யாரோ.

திங்கட்கிழமை நல்ல ஆட்டம் என்று சொன்னார். அடுத்த ஞாயிறு முழங்கால் சரியில்லை என்றார். பிறகு வரவேயில்லை. ஒரு சொல் குறையாகச் சொன்னதுமில்லை. திட்டியிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. அதுவும் பொய்தான். மறு வருடம் எனக்கு நகரக் கவுன்சிலில் ஒரு மேசை வேலை கிடைத்தது. தப்பித்தேன் என்று போய்விட்டேன்.

போன வருடம் அவர் இறந்துவிட்டதாகப் பழைய கிடங்கு நண்பர் ஒருவர் போன் எடுத்தார். போனேன். அடக்கத்துக்குப் பிறகு ஒரு சிறிய மண்டபத்தில் தேநீர். அவரோடு கீழ்ப் பிரிவுகளில் விளையாடிய நாலைந்து முதியவர்கள் ஆளுக்கொரு முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுவரோரம் நின்ற என்னிடம் அவர் மகள் வந்தாள். நாற்பது வயதை நெருங்கும் பெண். நான் யாரென்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கள்தானா அப்பாவைக் கப் கொடுக்கக் கூப்பிட்டவர்? எனக்கு அப்போது உடம்பு முழுக்கக் கொப்புளம், வரமுடியவில்லை. வீட்டுக்கு வந்து என் கட்டிலில் உட்கார்ந்து எல்லாம் சொன்னார். கப் எவ்வளவு பாரம், யார் கையில் கொடுத்தார், எல்லோரும் எப்படிக் கை தட்டினார்கள் என்று. எங்கள் வீட்டில் அந்தக் கதை தெரியாத ஆளில்லை."

முதியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஓம், அவர்தான் தந்தார்," என்று தமிழும் ஆங்கிலமுமாக உளறினேன். பிறகு ஏனென்று தெரியவில்லை, "மாலையும் போட்டோம்," என்றேன்.

"மாலையா? அதைச் சொல்லவேயில்லையே!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அம்மாவுக்குச் சொல்ல வேண்டும், இங்கேயே நில்லுங்கள் என்று மண்டபத்தின் மறுபக்கம் ஓடினாள். அந்த அம்மாவுக்கும் அந்தக் கதையைத்தான் சொல்லியிருப்பாரா, அல்லது மனைவியிடமாவது உண்மையைச் சொல்லியிருப்பாரா? தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. அவர்கள் வருவதற்குள் வெளியே வந்துவிட்டேன்.