கடைசி மணிக்கு யார் கழுத்தில்

என் மகள் இரண்டாம் வகுப்பில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியும் ஒரு நாள்கூட முட்டி போட்டதில்லை. ஆபீஸில் அதை நான் சொல்லிக்கொள்ளாத ஆள் இல்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. புதுச்சேரியில் இங்கிலீஷ் மீடியத்தில் ஒரு சீட்டை நடையாய் நடந்து வாங்கியிருந்தோம். அந்த வகுப்பில் ஒரு மரக்கட்டை உண்டு. உள்ளங்கை அகலம், மேலே ஓட்டை, அதில் நூல். யார் தமிழ் பேசினாலும் அது அந்தப் பிள்ளையின் கழுத்துக்குப் போகும். இன்னொரு பிள்ளை தமிழ் பேசும்போது பிடித்துவிட்டால் கழற்றி அங்கே மாட்டிவிடலாம். கடைசி மணிக்கு யார் கழுத்தில் இருக்கிறதோ, அந்தப் பிள்ளை மறுநாள் காலை பிரேயரில் எல்லோருக்கும் முன்னால் முட்டி போட வேண்டும்.

நல்ல முறை என்றுதான் நினைத்தேன். அடி இல்லை, பிரம்பு இல்லை. ஒருமுறை மறந்துபோன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கப் போனபோது வராந்தாவில் சிறிது நேரம் நின்றேன். நாற்பத்திரண்டு பிள்ளைகள் உள்ளே இருந்தும் ஃபேன் சுற்றும் சத்தம்தான் கேட்டது. வீட்டிலும் நான் பழக்கினேன். சமைத்துக்கொண்டே திடீரென்று தமிழில் எதையாவது கேட்பேன். அவள் தமிழில் பதில் சொன்னால் உதட்டைப் பிதுக்குவேன்.

ஒரு நாள் சாயங்காலம், அவளோடு படிக்கும் பெண்ணைக் கூட்டிக்கொண்டு அதன் அம்மா வந்தாள். முதலியார்பேட்டையில் எங்களுக்கு அடுத்த தெருதான். அவள் கணவர் மில்லில் வேலை பார்த்தார்.

"யக்கா, இத கொஞ்சம் பாருங்களேன்" என்று குழந்தையின் பாவாடையை முழங்காலுக்கு மேலே தூக்கிக் காட்டினாள். தொடையில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். சிலது பொருக்குத் தட்டியிருந்தது. "வேர்க்குருன்னு பவுடர் போட்டேன், அடங்கல. ஸ்கூலுக்குப் போமாட்டேன்னு ஒரே அழுவ. கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குறா. நீங்க படிச்சவங்க, இன்னான்னு பாத்துச் சொல்லுங்க."

அந்தக் குழந்தை என்னைப் பார்க்கவில்லை. என் மகளையே பார்த்துக்கொண்டிருந்தது. என் மகள் நோட்டில் குனிந்திருந்தாள், பென்சில் நகரவில்லை. அது கொசுக்கடி இல்லை, இதில் என் மகளுக்கும் பங்கு இருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"கொசுக்கடியா இருக்கும்மா. தேங்கா எண்ணெ தடவு" என்றேன்.

அவர்கள் போனதும் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். மகள் அழவில்லை, மறைக்கவும் இல்லை. கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கை விளக்குகிற மாதிரி சொன்னாள்.

"குத்துனா எல்லாரும் அம்மான்னுதான் கத்துவாங்க. அது தமிழ்தானே? ஒடனே கட்டைய மாட்டிடலாம்."

குத்தியது ஊக்கால். தினமும் காலையில் சட்டையில் கைக்குட்டையை வைத்து நான் குத்தி அனுப்பும் ஊக்கு.

"அவ மிஸ் கிட்ட சொல்லலையா?"

"எப்படிச் சொல்லுவா? இங்கிலீஷ்ல சொல்ல அவளுக்குத் தெரியாது. தமிழ்ல சொன்னா கட்டை மறுபடியும் அவளுக்குத்தான்."

கணவர் வந்ததும் சொன்னேன். அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "வாய மூடிக்கிட்டு இரு. டி.சி.யக் கிழிச்சிக் கையில குடுத்துடுவாங்க. ஊக்கப் புடுங்கிப் போடு, முடிஞ்சிது."

ஊக்கைப் பிடுங்கிப் போட்டேன். முடியவில்லை. அந்தக் குழந்தை நாளைக்கும் அதே பெஞ்சில் உட்காரும்.

காலையில் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போனேன். "நீயும் ஸ்கூலுக்கு வாம்மா, மிஸ் கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"கொசுக்கடிக்கா யக்கா? கொசுவுக்கும் டி.சி. குடுப்பாங்களா?" என்று சிரித்தபடி கிளம்பினாள். வழி முழுக்க அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பள்ளி வாசலில் அந்தக் குழந்தை "வேணாம்மா" என்று அழுததற்கு, வகுப்புக்குள் நுழைவதற்குள் யாரோ கட்டையை மாட்டிவிட்டிருந்தார்கள்.

மிஸ்ஸுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பிரெஞ்சுக்காரன் காலத்தில் உத்தியோகம் பார்த்த குடும்பம். நான் ஆபீஸ் இங்கிலீஷில் தடுமாறிச் சொன்னதைக் கேட்டுவிட்டு, தான் படித்தபோது பிரெஞ்சுக்கும் இதே வழக்கம்தான், யாரும் கெட்டுப்போகவில்லை என்றார். பிறகு குழந்தையை முன்னால் கூப்பிட்டு, உன்னைக் குத்தியது யார் என்று இங்கிலீஷில் கேட்டார். குழந்தை கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது. இரண்டாம் முறை கேட்டார். 'பார்த்தீர்களா' என்பதுபோல என் பக்கம் திரும்பினார்.

"கேக்குறாங்க இல்ல, சொல்லேன்டி" என்றாள் அதன் அம்மா.

"தமிழ்லயே சொல்லு கண்ணு" என்றேன் நான்.

வகுப்பு மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்தக் குழந்தை மிஸ்ஸைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. பிறகு கழுத்திலிருந்த கட்டையைக் கழற்றி என்னிடம் நீட்டியது. விளையாட்டுக்கு இல்லை, பிடித்துவிட்டோம் என்ற நிம்மதி அந்த முகத்தில் அப்படியே தெரிந்தது. வாங்கிக்கொண்டேன்.

அப்புறம்தான் அது வாய் திறந்தது. "இவங்க பொண்ணுதான் குத்துனா." கொஞ்சம் நிறுத்தி, "நானும் குத்துனேன். மூணு பேர" என்றது.

பின் பெஞ்சிலிருந்து "என்னையும் மிஸ்" என்று ஒரு குரல். அதற்குப் பிறகு எதையும் பிரித்துக் கேட்க முடியவில்லை. சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார்கள், ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்தார்கள், அழுதார்கள். மிஸ் மேஜையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். கடைசியில் என்னிடம் தமிழில், "இப்ப இவங்கள எப்படி அடக்கறது? நீங்களே சொல்லுங்க" என்றார். உண்மையாகவே கேட்டார்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் பக்கத்தில் நின்ற அந்தக் குழந்தையின் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "கொசுக்கடின்னு சொன்னீங்களே யக்கா?"

டி.சி. கொடுக்கவில்லை. யாருக்கென்று கொடுப்பார்கள்? கட்டை அலமாரிக்குள் போனது. பல நாள் அந்த வகுப்பின் இரைச்சல் தெருவரை கேட்டது, மிஸ்ஸுக்குத் தொண்டை கட்டியது. பிறகு தினமும் முதல் பீரியடில் பத்து நிமிஷம், யாருக்கு என்ன குறை இருந்தாலும் எந்த மொழியிலும் சொல்லலாம் என்று வைத்தார். முதலில் அதுவும் சண்டையில்தான் முடிந்தது. பரீட்சை வருவதற்குள் ஒரு மாதிரி ஒழுங்குக்கு வந்தது. என் மகள் அங்கேயே படித்தாள்.

அந்தக் குழந்தை தமிழ் மீடியத்துக்குப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்க நான் மூன்று முறை அவர்கள் வீட்டுக்குப் போனேன். இரண்டு முறை ஆள் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். மூன்றாம் முறை அதன் அம்மாவே வந்து, கதவைப் பாதி திறந்தபடி நின்றாள்.

"உங்க பொண்ணு கொழந்த யக்கா. அது செஞ்சத நான் எப்பவோ மறந்துட்டேன்" என்றாள். "நீங்க தெரிஞ்சேதான எண்ணெ தடவச் சொன்னீங்க?"

ஆமாம் என்றேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.