வெர்னாவின் இரண்டு ஆஸ்

வெர்னா ஸ்லோகமுக்கு நல்ல சீட்டு வந்தால் மேசை முழுக்கத் தெரிந்துவிடும். எல்கோ ஊரில் இருபத்தேழு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். செவ்வாய்க்கிழமை காலைகளில் ரயிலடி விடுதிக்குப் போக்கர் ஆடப் போவாள். மடியில் ஸ்வெட்டர் பின்னுகிற ஊசி ஓடிக்கொண்டே இருக்கும். நல்ல சீட்டைப் பார்த்ததும் நின்றுவிடும்.

"ஊசி நின்னுடுச்சு, ஓடுங்கப்பா!" என்பான் டெல்பர்ட், லாரி டயர் விற்கிறவன். எல்லோரும் ஆட்டத்தை விட்டுச் சீட்டைக் கவிழ்ப்பார்கள்.

போக்கரில் நல்ல சீட்டு மட்டும் போதாது. அதை நம்பாமல் காசு போட எதிரில் ஒருவர் வேண்டும். ஆளுக்கு இரண்டு சீட்டு; பதினைந்து வருடத்தில் அதிலேயே பெரிய ஜோடியான இரண்டு ஆஸ் சேர்ந்து வந்தபோதெல்லாம் அவளுக்குக் கிடைத்தது காப்பிக் காசுதான். சாவதற்குள் ஒரே ஒரு தடவை, ஒரு நல்ல சீட்டுக்கு முழுக்கூலி வாங்கிவிட வேண்டும்.

அந்தச் செவ்வாய் பின்னலை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தாள். மூன்று மணி நேரம் குப்பைச் சீட்டுக்கெல்லாம் பந்தயத்தை ஏற்றி, தோற்று, அந்தக் குப்பையை மல்லாத்தியும் காட்டினாள். எண்பது டாலர் போயிற்று.

"ஏம்மா வெர்னா, புத்தி கித்தி பேதலிச்சுப் போச்சா?" என்றான் டெல்பர்ட்.

"என் காசு, என் புத்தி. உனக்கென்ன வந்துச்சு?"

"எனக்கென்ன, தினம் வா தாயி!"

அவள் குப்பைக்கும் காசு கட்டுகிறவள் என்று நம்பிவிட்டான்.

பதினொரு மணிக்கு வந்தன இரண்டு ஆஸ். அதே நேரத்தில் சமையலறையிலிருந்து சுடச்சுட பிஸ்கட் என்கிற மெத்து ரொட்டியும் அதன்மேல் ஊற்றும் குழம்பும் வந்தன. டெல்பர்ட் தன் சீட்டைப் பார்க்காமலே தள்ளிவிட்டுக் கரண்டியை எடுத்தான். மற்றவர்களும் அப்படியே.

மிஞ்சியது அவளும், பக்கத்தில் இருந்த ஆர்வில் என்ற சுரங்க மெக்கானிக்கும். ஒவ்வொரு ஆட்டத்திலும் சீட்டு வருமுன்பே முறை வைத்து இருவர் கட்டாயக் காசு வைக்க வேண்டும்; இந்த முறை அவன் ஒரு டாலரும் இவள் மூன்றும் வைத்திருந்தார்கள். மற்றவர்கள் விலகிவிட்டால் அந்த இருவரும் ஆடாமல் தங்கள் காசை எடுத்துக்கொள்வது வழக்கம். நல்ல சீட்டு இருக்கும்போது மட்டும் மறுக்கிறவரை அந்த அறையில் யாரும் மதிக்கமாட்டார்கள். ஒன்பது வருடமாக இருவரும் மறுத்ததில்லை.

"எடுத்துக்கலாமா?" என்றான் ஆர்வில்.

"இன்னிக்கு ஒரு நாள்..." என்று இழுத்தாள் வெர்னா. டெல்பர்ட் வாய் நிறையப் பிஸ்கட்டோடு நிமிர்ந்தான்.

"எடுத்துக்கலாம்," என்றாள்.

மூன்று டாலர் திரும்பி வந்தது. பொறுக்கமாட்டாமல் இரண்டு ஆஸையும் மேசையில் அறைந்தாள். ஆர்வில் தன் சீட்டை மெல்லத் திருப்பினான். இரண்டு ராஜா.

அவன் முன்னால் இருநூற்றுச் சொச்சம் டாலர் இருந்தது. ஆடியிருந்தால் ராஜாக்களை நம்பி அத்தனையும் வைத்திருப்பான்.

"ராஜாவ வச்சுக்கிட்டு ஏன்யா கேட்ட?"

"எப்பவும் கேக்கறதுதானே. நீ வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல?"

"இனிமே உன்கூட எடுத்துக்கறதே கிடையாது! எது வந்தாலும் ஆடறோம். சீட்டு போடறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன், எல்லாரும் கேட்டுக்கங்க."

அடுத்த சுற்றில் கட்டாயக் காசு வைக்கும் முறை மறுபடி அவர்களுக்கு வந்தது. "இந்தக் கூத்த நான் பாக்கணும்," என்று டெல்பர்ட் சீட்டை வீசினான். மற்றவர்களும் வீசினார்கள்.

வெர்னா சீட்டின் முனையைத் தூக்கிப் பார்த்தாள். ஏழும் இரண்டும், வேறு வேறு நிறம். அதைவிடக் கேவலமான ஜோடி போக்கரில் இல்லை. உடம்பு மரத்துப்போய் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஆடறோம்தானே?" ஆர்வில் பத்து டாலரை முன்னால் வைத்தான்.

"ஆடித் தொலைப்போம்!" வந்த ஆத்திரத்தில் தன் பந்தய வில்லைகள் அத்தனையையும் நடுவில் தள்ளினாள்.

"டேய் ஆர்வில், மூஞ்சியப் பாரு! அசையவே இல்ல. ஊசி நிக்கற மாதிரியே நிக்குது. ஓடிரு!" என்று கத்தினான் டெல்பர்ட்.

ஆர்வில் வெகுநேரம் பார்த்தான். பிறகு கவிழ்த்துவிட்டான்.

"என்ன வச்சிருந்த?" என்றான்.

வெர்னா சீட்டைக் குப்புறத் தள்ளிவிட்டுப் பத்து டாலரை இழுத்துக்கொண்டாள்.

"ஆஸ்," என்றாள் எரிச்சலோடு.

"நான்தான் சொன்னேன்ல," என்றான் டெல்பர்ட்.