மூன்றாம் மாடிக்கு ஒரு ஹியரிங்

என் மகள் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிக்கிறாள். ரொறொன்ரோவில் இத்தனை பல்கலைக்கழகங்கள் இருக்க எல்லை தாண்டி ஏன் போனாள் என்று கேட்பவர்களுக்கு, புலமைப்பரிசில் கொடுத்தார்கள், போனாள் என்று சொல்லிவிடுவேன். பிறந்ததிலிருந்தே அவளால் நடக்க முடியாது. சக்கர நாற்காலியில்தான் வளர்ந்தாள். வாய் மட்டும் என்னைப் போல நன்றாக ஓடும்.

கடைசி வருடத்தில்தான் வினை வந்தது. அவர்களுடைய ஆய்வுகூடம் மூன்றாம் மாடியில். அந்தப் பழைய கட்டடத்தின் லிஃப்ட் ஒரு நாள் நின்றது, நின்றதுதான். அதைத் திருத்துவதை விட்டுவிட்டு, பல்கலைக்கழகம் அவளுக்கு ஒரு மாற்று ஏற்பாடு செய்தது. அவள் கீழ்மாடியில் ஒரு வெற்று அறையில் இருக்க வேண்டும். மேலே இன்னொரு மாணவி டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அதில் தெரிவதைப் பார்த்து இவள் குறிப்பு எழுத வேண்டும். பாதுகாப்பு விதிகள் எல்லோருக்கும் சமம் என்பதால், அந்த வெற்று அறையிலும் வெள்ளை அங்கி, கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி எல்லாம் போட்டிருக்க வேண்டும். ஒரு நாள் கண்ணாடி போடவில்லை என்று புள்ளி குறைத்தார்கள். அந்த அறையில் இருந்தது ஒரு மேசையும் ஒரு தண்ணீர்ப் போத்தலும்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் விஷயம் உறைத்தது. கடைசிப் பரிசோதனையை மாணவர் தன் கையாலேயே செய்து காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பட்டம் இல்லை. புலமைப்பரிசிலும் இந்த வருடத்தோடு முடிகிறது. நாலு வருடப் படிப்பு ஒரு லிஃப்டில் தொங்கிக்கொண்டு நின்றது.

அவள் யாரையும் கேட்காமல் அமெரிக்க மத்திய அரசுக்கு முறைப்பாடு எழுதிவிட்டாள். அங்கே ஒரு சட்டம் இருக்கிறதாம். மத்திய அரசின் பணத்தை வாங்குகிற கல்விக்கூடம் எதுவும் ஊனத்தைக் காட்டி ஒரு மாணவரை ஒதுக்க முடியாதாம். கல்வித் திணைக்களத்திலேயே அதைக் கேட்க ஒரு பகுதி இருக்கிறதாம். எனக்கு இதெல்லாம் புதிது. கனடாவில் கல்வி மாகாணத்தின் பாடு. ஒட்டாவாவில் கல்வி அமைச்சர் என்று ஒருவரே கிடையாது. திட்டுவதென்றால் மாகாணத்தைத் திட்டிவிட்டு நிம்மதியாகப் படுக்கலாம்.

விடுமுறைக்கு ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது அவளுக்கு ஈமெயில் வந்தது. வருகிற வியாழக்கிழமை ஒரு மத்திய அரசு அதிகாரி அவளை வீடியோவில் நேர்காணல் செய்வாராம். அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு ரொட்டியைக் கடித்தாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அமர்ந்தேன். அரசாங்க அதிகாரி, நேர்காணல், முறைப்பாடு. எங்கள் ஆட்களுக்கு இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரே பெயர்தான்: ஹியரிங், அகதிக் கோரிக்கையை விசாரிக்கிற நாள்.

அகதியாக வந்தவர்கள் யாரும் ஒத்திகை பார்க்காமல் ஹியரிங்குக்குப் போனதில்லை. நான் வந்த புதிதில் ரொறொன்ரோவின் பார்க்டேல் பகுதியில் ஒரு அறையில் இருந்த காலத்தில், பக்கத்துக் கட்டடத்தில் இருந்த ஒரு அண்ணைதான் எங்கள் எல்லோரையும் பழக்கினார். நாங்கள் சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் உண்மையைச் சொல்லவும் பழக வேண்டியிருந்தது. எங்கே நிறுத்துவது, எங்கே தண்ணீர் கேட்பது, எங்கே தலையைக் குனிவது என்று அவர் சொல்லித் தந்தார். அவர் பழக்கிய எவருக்கும் கேஸ் தோற்றதாக நான் கேள்விப்படவில்லை. இப்போது ஓய்வுபெற்று, பக்கத்து ஊரான விட்பியில் மகன் வீட்டில் இருக்கிறார். நான் தொலைபேசியில் விஷயத்தைச் சொல்லி முடிக்குமுன்னரே, "நான் வாறன்" என்றார். அவர் குரலில் அப்படி ஒரு மகிழ்ச்சியைக் கேட்டுக் கனகாலம்.

கோட் போட்டுக்கொண்டு வந்தார். எங்கள் சாப்பாட்டு மேசையின் தலைமாட்டில் அமர்ந்து, தான்தான் ஆபிசர் என்று அறிவித்தார்.

"லிஃப்ட் எப்ப நிண்டது?"

"ஒக்டோபர் தொடக்கத்தில, அங்கிள்."

"தொடக்கம் எண்டா எது? திகதியைச் சொல்லு. பிறகு என்ன நடந்தாலும் அந்தத் திகதியை மாத்தப்படாது. எங்கட சனம் கேசில கவிண்டதெல்லாம் திகதியிலதான்."

அவள் திகதியைச் சொன்னாள். அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

"சரி. திரும்பி அங்க போனா உனக்கு என்ன நடக்கும் எண்டு பயப்பிடுறாய்?"

மகள் என்னைப் பார்த்தாள். "அம்மா, இட்ஸ் நொட் எ ரெஃபியூஜி ஹியரிங். எனக்குப் பயம் ஒண்டும் இல்லை. மேல போறது என்ர ரைட். அதைத்தான் சொல்லப் போறன்."

அண்ணை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "பிள்ளை, உரிமை இருக்கெண்டு சொன்னா ஒருத்தரும் தர மாட்டாங்கள். பயம் இருக்கெண்டு சொன்னாத்தான் தருவாங்கள். நான் எத்தனை கேஸ் பாத்தனான்."

நானும் ஓம் என்று தலையாட்டினேன். ஆட்டியது மட்டுமல்ல, அழுவது கஷ்டமென்றால் நேர்காணலுக்கு முன் கொஞ்சம் வெங்காயம் வெட்டலாம் என்றும் சொன்னேன். அவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

வியாழக்கிழமை அவள் மடிக்கணினியின் முன் அமர்ந்தாள். நானும் அண்ணையும் கமராவில் விழாமல் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றோம். அண்ணை கையைத் தாழ்த்தினால் அவள் முகத்தைத் தாழ்த்த வேண்டும் என்பது அண்ணையின் ஏற்பாடு. மகள் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

திரையில் ஒரு பெண் வந்தார். ஐம்பது வயதிருக்கும். பின்னால் வெறுமையான புத்தக இறாக்கைகள், மேலே மேலே அடுக்கிய மட்டைப் பெட்டிகள். மடியில் ஒரு பூச்சாடியை வைத்திருந்தார். மன்னிக்க வேண்டும் என்று தொடங்கினார். வாஷிங்டனில் கொள்கை மாறிவிட்டதாம். திணைக்களத்தைச் சுருக்குகிறார்களாம். அவருடைய கிளையை மூடுகிறார்களாம், அவருக்கும் இதுதான் கடைசி வாரமாம். முறைப்பாடுகள் வேறொரு நகரத்துக்குப் போகும், ஆனால் அந்த நகரத்துக் கிளைக்கும் என்ன நடக்கும் என்று தனக்குத் தெரியாது என்றார். இருந்தாலும் நேரம் கொடுத்துவிட்டதால் கேட்காமல் போக மனம் வரவில்லை, சொல்லுங்கள் என்றார்.

மகள் சொன்னாள். லிஃப்ட் நின்ற திகதி, கீழ்மாடி அறை, டேப்லெட், கண்ணாடி, குறைந்த புள்ளி. ஒரு இடத்திலும் தலையைக் குனியவில்லை. அண்ணையின் கை தாழ்ந்து தாழ்ந்து முழங்காலுக்கே வந்துவிட்டது. அவள் பேசி முடித்தபோது அழுதது அந்த அதிகாரிதான். இருபது வருடமாக இந்த வேலையைச் செய்ததாகவும், இப்படி ஒரு தெளிவான முறைப்பாட்டை விட்டுவிட்டுப் போவது வயிற்றெரிச்சலாக இருப்பதாகவும் சொல்லி, பூச்சாடிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

இதை அண்ணையால் பொறுக்க முடியவில்லை. நேரே கமராவுக்கு முன்னால் போய் நின்றார். கோட்டின் பித்தானைப் பூட்டிக்கொண்டு, தன் ஆங்கிலத்தில், "மேடம், வேலையால நிப்பாட்டின கடிதத்தில என்ன திகதி இருக்கு? அந்தத் திகதியை மாத்தாம வைச்சிருங்கோ" என்றார். அந்தப் பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டு உண்மையாகவே திகதியைச் சொன்னார். அங்கே இருக்க முடியாது போனால் கனடாவுக்கு வரலாம், கேஸைத் தானே எழுதித் தருவதாக அண்ணை வாக்களித்தார். அந்தப் பெண் தொலைபேசி எண்ணைக் கேட்டு ஒரு பெட்டியின் மேல் எழுதிக்கொண்டார். மகள் கைகளால் முகத்தை மூடியிருந்தாள். அழுகிறாள் என்று பார்த்தால், சிரிக்கிறாள்.

பிறகு வேறொரு நகரத்திலிருந்து ஒரு ஈமெயில் வந்தது. முன்னுரிமைகள் மாற்றப்பட்டதால் அவளுடைய கோப்பு மூடப்பட்டிருக்கிறது என்றும், விரும்பினால் புதிதாக முறைப்பாடு செய்யலாம் என்றும் எழுதியிருந்தார்கள். அன்று நான் அழுதேன். வெங்காயம் தேவைப்படவில்லை.

ஆனால் லிஃப்ட் ஓடத் தொடங்கியது. ஆய்வுகூடத்துக்கு ஒரு பெரிய மெசின் வந்ததாம், படியால் ஏற்ற முடியாதாம். ஒரே வாரத்தில் லிஃப்டைத் திருத்திவிட்டார்கள். திருத்தியதும் கதவில் ஒரு அறிவித்தல் ஒட்டினார்கள்: சாமான் ஏற்ற மட்டும், ஆட்கள் ஏறக்கூடாது. சாமானோடு அதைக் கொண்டுபோகிறவர் ஏறலாமாம். அதனால் ஆய்வுகூடத்துப் பொறுப்பாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு முறையும் மகளின் மடியில் கண்ணாடிக் குழாய்கள் அடங்கிய ஒரு பெட்டியை வைப்பார். அவள் பெட்டியோடு மேலே போவாள். மாலையில் அதே பெட்டியோடு கீழே வருவாள். அந்தக் குழாய்களை யாரும் பாவிப்பதில்லை.

கடைசிப் பரிசோதனையை அவள் தன் கையாலேயே செய்து முடித்துவிட்டாள் என்று தொலைபேசியில் கேட்டதும், நான் கோயிலுக்கு நேர்ந்ததை எண்ணிச் சந்தோஷப்பட்டேன். "அப்பாடா. எப்பிடியோ மேல போனாச் சரிதானே" என்றேன்.



"அம்மா, மேல போனது பெட்டி" என்றாள். "நான் திரும்ப கம்ப்ளெயின்ற் எழுதிட்டன்."

"உனக்குத்தான் முடிஞ்சுதே, பிள்ளை."

"எனக்குப் பிறகு ஒருத்தி வருவாள்தானே."

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் அல்ல. பட்டம் கிடைக்கப்போகிற நேரத்தில் இதெல்லாம் தேவையா என்று சொல்ல வாய் எடுத்தபோதுதான் என் ஹியரிங் நினைவுக்கு வந்தது. என்னையும் ஒரு பெட்டியோடுதான் இந்த நாட்டுக்குள் விட்டார்கள். பயம் என்ற பெட்டி. அதை மடியிலிருந்து இறக்கி வைக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று மாலை அண்ணை விட்பியிலிருந்து தொலைபேசி எடுத்தார்.

"பிள்ளை திரும்ப எழுதிப்போட்டாளாம். இந்தமுறை என்ன பயம் எண்டு எழுதியிருக்கிறாள்?"

"பயம் ஒண்டும் எழுதேல்லை, அண்ணை. மேல போக வேணும் எண்டு மட்டும் எழுதியிருக்கிறாள்."

"அவ்வளவுதானோ?"

"ஓம். அவ்வளவுதான்."

பின்னால் அவர் பேரப்பிள்ளைகளின் சத்தம் கேட்டது.

"சரி" என்றார். "திகதியை மட்டும் மாத்த வேண்டாமெண்டு சொல்லு."