பின் சீட்டில் ஒரு ஜன்னல்

தையல்காரம்மாவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைப் பார்த்தாலும் அதற்கு ஓர் உறை தைத்துப் போட்டுவிட வேண்டும். மிக்சிக்கு உறை, கம்ப்யூட்டருக்கு உறை, டிவி ரிமோட்டுக்குப் பொத்தான் வைத்த சட்டை. "இந்த வீட்ல துணி போடாம நிக்கிறது ஃபிரிட்ஜ் ஒண்ணுதான். அதுக்கும் அளவெடுத்தாச்சு" என்று அவள் கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அவர் டாக்சி ஓட்டினவர். கடைசியாக ஓட்டியது பெட்ரோலிலும் பேட்டரியிலும் மாறி மாறி ஓடுகிற ஹைபிரிட் கார். அதன்மேல் அவருக்கு அப்படியொரு பைத்தியம். சவாரி இல்லாத நேரத்தில் மற்ற டிரைவர்கள் சீட்டைச் சாய்த்துத் தூங்குவார்கள். இவர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். அப்புறம் சர்க்கரை கண்ணில் இறங்கியது. முதலில் இரவில் ஓட்டுவதை விட்டார், பிறகு மழையில் ஓட்டுவதை. இனி வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரியும் என்று கண் டாக்டர் கையை விரித்த அன்று, சாவியைக் கொண்டுவந்து மனைவி கையில் வைத்தார். அதோடு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அவள் அழவில்லை. கல் நெஞ்சுக்காரி என்று சொந்தக்காரர்கள் காதுபடவே பேசினார்கள். பேசட்டும், அவர்களுக்கு வேறு என்ன வேலை? அவள் பாட்டுக்குக் கடைக்குப் போய், கோடு கோடாய் மேடு தட்டுகிற கெட்டித் துணி வாங்கி வந்தாள். பார்க்க முடியாத மனுஷனுக்குத் தொட்டுப் பார்க்கவாவது நன்றாக இருக்கட்டும் என்று, மிஷினைவிட்டு எழுந்திருக்காமல் காருக்கு சீட் கவர் தைத்தாள். பின் சீட்டுக்குத் தைத்ததை ஓரம் வரை இழுத்து, சுருக்கம் தெரியாமல் மாட்டினாள். அவர் விரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "ராஜா வீட்டு சோபா மாதிரி இருக்கும்மா" என்றார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்த மாதம் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பிறகு ஐம்பது வயதுக்கு மேல் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொடுத்தவர் பயந்து ஊரைவிட்டே ஓடிவிட்டார் என்று தெருவில் ஒரு பேச்சு. அதெல்லாம் கட்டுக்கதை, அவருக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்தது, அவ்வளவுதான். லைசென்ஸ் வந்ததும், தைத்து முடித்த யூனிஃபார்ம் மூட்டைகளைப் பின் சீட்டில் அடுக்கிக்கொண்டு கடை கடையாய்ப் போட்டுவர ஆரம்பித்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். "பின்னாடி லாரி வருது, ஒதுங்கு" என்பார். "இடது பக்க டயர்ல காத்து கம்மியா இருக்கு பாரு" என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மற்ற நேரத்தில் வீட்டில் நாற்காலியை விட்டு அசைய மாட்டார். நண்பர்கள் கூப்பிட்டாலும் போவதில்லை. வெளிக்காற்று அவர் மேல் படுவது அந்தக் காரில் போகும்போது மட்டும்தான்.

வெயில் காலம் வந்ததும் கார் மக்கர் பண்ணத் தொடங்கியது. மத்தியானத்தில் மேம்பாலம் ஏறினால் போதும், முன்னால் ஆரஞ்சு விளக்கு எரியும், பின்னாலிருந்து ஹேர் டிரையர் போட்டதுபோல் ஒரு இரைச்சல் கிளம்பும். ஒர்க்‌ஷாப்காரர் மிஷினை மாட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பெரிய பேட்டரி போய்விட்டது, முழுதாக மாற்ற வேண்டும், இந்த வயதான காருக்கு அது வீண் செலவு, வேண்டுமானால் நானே எடுத்துக்கொள்கிறேன் என்றார். நல்ல மனுஷன்தான், ஏமாற்றுகிற ஆளில்லை. மகளும் போனில், "குடுத்துடுங்கம்மா, எதுக்கு இந்த வயசுல ரிஸ்க்?" என்றாள்.

"குடுத்துடு" என்றார் அவரும். கடையில் மிச்சமான துணியைப் பற்றிப் பேசுகிற குரலில் சொன்னார். தையல்காரம்மாவுக்கு அந்தக் குரல்தான் பிடிக்கவில்லை. கார் போனால் யூனிஃபார்மை ஆட்டோவில் அனுப்பிக்கொள்ளலாம். இந்த மனுஷனை எதில் ஏற்றி வெளியே கூட்டிப்போவது?

ஒர்க்‌ஷாப்காரர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அன்று காலையில் அவள் காப்பி டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "என்னங்க, குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை நாமளே பாத்துடலாமே. நீங்க கார்ல செருகி போன்ல நம்பர் பாப்பீங்களே ஒரு கருவி, அது எங்க?"

"எதுக்கு வீண் வேலை?"

"எனக்குப் பொழுது போகல, அதான்."

வீட்டில் தைக்க வேண்டிய துணி மலையாய்க் குவிந்திருந்தது. அது அவருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, "டாஷ்போர்டு டப்பாக்குள்ள இருக்கும். தீப்பெட்டி சைசுல" என்றார்.

வீட்டுக்கு முன்னால், திறந்த வெளியில் கார் நின்றது. அந்தத் தீப்பெட்டிக் கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகியதும் போனில் எண்கள் வரிசையாக வந்தன. "முதல்லயே சொல்லிட்டேன், ஆரஞ்சு கலர் வயர் பக்கம் கை போகக்கூடாது. எதையும் கழட்டக்கூடாது. நாம பாக்க மட்டும்தான் போறோம்" என்றார் அவர். "உள்ள பேட்டரி ஒண்ணு இல்லம்மா, வரிசையா நிறைய இருக்கும். அதுல ஒண்ணு செத்திருந்தா அதோட வோல்ட் நம்பர் மட்டும் தனியா கீழ விழும். ஒவ்வொண்ணா படி. ஜாக்கெட் அளவு படிப்பியே, அப்படி."

அவள் படித்தாள். பதினஞ்சு புள்ளி ஏழு, பதினஞ்சு புள்ளி ஏழு, பதினஞ்சு புள்ளி ஆறு, மறுபடி ஏழு. கடைசி வரைக்கும் அதுதான். ஏசியை முழுசாக வைக்கச் சொன்னார், ஹெட்லைட்டைப் போடச் சொன்னார், பேட்டரியின் சார்ஜ் கொஞ்சம் இறங்கட்டும் என்று காத்திருந்தார். மறுபடி படித்தாள். எல்லா எண்களும் ஒன்றுபோல் இறங்கியிருந்தன.

"ஒண்ணுகூடத் தனியா விழலயா?"

"இல்லங்க. எல்லாம் ஒரே அளவு. இரட்டைப் பிள்ளைங்களுக்குத் தெச்ச மாதிரி இருக்கு."

அவர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து அவள் பார்த்து எத்தனையோ மாதங்களாகிவிட்டன. "அப்ப பேட்டரி சாகல. வேற என்னமோ வதைக்குது. பாலம் வரைக்கும் போயிட்டு வா" என்றார்.

பாலம் ஏறி இறங்கி வீட்டு வாசலுக்கு வருவதற்குள் ஆரஞ்சு விளக்கு எரிந்தது, பின்னால் இரைச்சல் கிளம்பியது. பேட்டரியின் சூட்டைப் படிக்கச் சொன்னார். ஐம்பதைத் தாண்டியிருந்தது. "காய்ச்சல் அடிக்குதும்மா அதுக்கு" என்று சொல்லிவிட்டு, காரை அணைக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லி, கதவைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போய் உட்கார்ந்தார். அவள் கண்ணாடியில் பார்த்தாள். அவர் தலையைச் சாய்த்து இரைச்சல் வரும் பக்கம் காதைக் கொடுத்தார், கை சீட்டை ஒட்டி மெல்ல நகர்ந்து கதவோரம் போய் நின்றது. ரொம்ப நேரம் அங்கேயே இருந்தது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. பேட்டரி ஃபில்டர்ல தூசி. என் காலத்துத் தூசி. ஒரு நாளாவது நான் சுத்தம் பண்ணியிருக்கணும். தப்பு என்னோடது. மேல போய் ஒரு பழைய துணி எடுத்துட்டு வாயேன், தொடச்சிடலாம்."

அவள் மாடிக்குப் போய், துணி எடுத்துக்கொண்டு இறங்கினாள். அவர் பின் சீட்டில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். கவரின் ஓரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கிழிந்துவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்து, இன்னொரு கை நகத்தால் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

அவர் வெடுக்கென்று கையை எடுத்தார். "ஒரு நூல் கிளம்பியிருந்துச்சு."

"என் தையல்ல நூல் கிளம்பாது."

சொல்லிக்கொண்டே குனிந்தாள். கதவோரத்தில் துணி உள்வாங்கி, பல் போன கன்னம்போல் குழிந்திருந்தது. அதற்குப் பின்னால் இருந்த சின்ன வலைத் தடுப்பு அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. கவர் தைத்த அன்று, ஸ்பீக்கர் போலிருக்கிறது, தூசி அடையுமே என்று அதையும் சேர்த்து இழுத்து மூடியது அவள்தான். இப்போது கையை வைத்தாள். துணி அவள் உள்ளங்கையைப் பிடித்து இழுத்தது.

"இது என்ன ஓட்டைங்க?"

அவர் கவரின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

"கேக்கறேன்ல."

"பேட்டரிக்கு மூக்கு. உள்ள இருக்கற ஃபேன் இது வழியாத்தான் குளிர்ந்த காத்தை இழுக்கும்."

"அப்ப இத்தனை நாளா அது மூக்கப் பொத்தி வச்சிருந்தது நான்தானா? தூசின்னீங்க?"

"தூசியும் இருக்கும்மா."

"ஏன் மறைச்சீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இதைத் தெச்ச அன்னிக்கு நீ சிரிச்ச. எனக்குக் கேட்டுச்சு. அந்த மாசம் முழுக்க நான் கேட்ட நல்ல சத்தம் அது ஒண்ணுதான். அதைப் போய்த் தப்புன்னு உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

"அதுக்காக நகத்தால பிரிப்பீங்களா? அதுவும் இரட்டைத் தையலை? வீட்ல கத்தரி இல்லயா, பிளேடு இல்லயா, நான்தான் இல்லயா?" என்று அவள் கத்தினாள். கத்திக்கொண்டே வந்த குரல் பாதியில் உடைந்தது. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். டாக்டர் சொன்ன அன்று அழாததையும் சேர்த்து அழுதாள். எதிர் வீட்டு மாமி துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அவர் தடவி அவள் தலையைக் கண்டுபிடித்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

மூக்கை உறிஞ்சிவிட்டுக் காரை அணைத்தாள். மேலே போய்க் கத்தரியும் ஊசியும் எடுத்து வந்தாள். வலைத் தடுப்பின் அளவுக்குக் கவரைச் சதுரமாய் வெட்டி, ஓரத்தை உள்ளே மடித்து, கையாலேயே தைத்தாள். வலையைக் கழற்றினால் பின்னால் ஃபில்டர் முழுக்க நீலப் பஞ்சு. எல்லாம் அவளுடைய யூனிஃபார்ம் துணியிலிருந்து உதிர்ந்தது. துடைத்துத் தட்டித் திரும்ப மாட்டினாள்.

அவர் புது ஓரத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவினார். "ஊர்ல பொண்ணுங்களுக்கெல்லாம் ஜன்னல் வச்ச ஜாக்கெட் தெச்ச. இப்ப காருக்கும் தெச்சாச்சா?" என்றார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து தும்மல் ஆகிவிட்டது.

ஆரஞ்சு விளக்கைப் போன் வழியாகவே அணைத்துவிட்டு, உச்சி வெயிலில் மறுபடி பாலம் ஏறினார்கள். அவர் பின்னால் உட்கார்ந்து கவரில் வெட்டிய ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு, "இழுக்குது, நல்லா இழுக்குது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். வண்டியை நிறுத்துகிற இடத்திலெல்லாம் அவள் சூட்டைப் படித்தாள். நாற்பத்தைந்து, நாற்பத்திரண்டு. ஒரு தடவைக்கு மூன்று தடவை பாலம் ஏறிப் பார்த்தார்கள். விளக்கு எரியவே இல்லை.

சாயங்காலம் ஒர்க்‌ஷாப்காரர் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, பின் கதவைத் திறந்து கவரில் இருந்த ஜன்னலைப் பார்த்து, "நானும் கவரைத் தூக்கிப் பாக்காம விட்டேனே" என்று தலையைச் சொறிந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. இன்னிக்கு இது சரியாச்சு. பழைய வண்டி, நாளைக்கு வேற ஒண்ணு வரும். வீட்ல இப்ப வண்டிய ஓட்டுறது யாரு? உங்களால முடியாது. அக்கா ஒருத்தரால எவ்வளவு சமாளிக்க முடியும்?"

தையல்காரம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். இந்தக் கேள்வியை யார் கேட்டாலும், "அவதான் ஓட்டுறா, நான் மூட்டையோட மூட்டையா கூடப் போறேன்" என்பதுதான் இத்தனை நாளாய் அவருடைய பதில். அதைச் சொல்லிவிட்டு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்.

அவர் காரின் மேல் கையை ஊன்றி நிமிர்ந்து நின்றார்.

"நாங்க ரெண்டு பேரும் ஓட்டுறோம் தம்பி" என்றார்.