உரித்த ஸ்டிக்கர்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன இரண்டு மழைக்காலங்களில் நான் முழுமூச்சாகச் செய்த ஒரே வேலை, தூண்டில் ரீல்களின் அடியில் ஒட்டியிருந்த ‘மேட் இன் சைனா’வை நகத்தால் சுரண்டி எடுத்ததுதான்.

செண்பகனூரில் என் கடை. ஒரு சுவரில் ஸ்வெட்டர், எதிர்ச்சுவரில் தூண்டில் சாமான். தூண்டில் நரம்பைச் சுற்றுகிற ரீலின் மேல் ஜப்பான் கம்பெனிப் பெயர், அடியில் சைனா. சுற்றுலா வருகிறவர்கள் கையில் எடுத்துக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். அந்தப் பொடி எழுத்தைப் படித்ததும், தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல மெல்ல வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். மதியம் மேகம் இறங்கினால் ஆள் வராது. தேங்காய் எண்ணெயைத் தொட்டு உரிக்க உட்கார்ந்துவிடுவேன். தலைக்கு எண்ணெய் மிச்சமில்லை என்று வீட்டில் சத்தம் போட்டார்கள். என் வழுக்கைத் தலையில் எண்ணெய்க்கு என்ன வேலை என்று சமாளித்தேன்.

அட்டுவம்பட்டி ஜீப் டிரைவர் ஒருவர் மட்டும் எதையும் கவிழ்த்துப் பார்க்க மாட்டார். ஞாயிறானால் அய்யம்பாளையம் அணைக்குத் தூண்டிலோடு இறங்கிவிடுகிற மனிதர். “நீங்க சொன்னா சரிதாங்க” என்பார், வாங்கிக்கொள்வார். என் வாய்ச்சொல்லை நம்ப ஊரில் மிஞ்சியிருந்த ஒரே ஆள். அவரிடமும் ஜப்பான் என்றுதான் சொன்னேன்.

மூன்றாம் மாதம் அவர் வாங்கிய ரீல் இறுகிப்போய்க் கைப்பிடி சுற்றவில்லை. வாரண்டி இருக்கிறதே என்று தைரியம் சொல்லி வாங்கிவைத்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திண்டுக்கல் மொத்தக்கடைக்குப் போனேன்.

கடைக்காரர் ரீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஸ்டிக்கர் எங்கண்ணே?”

“உரிச்சுட்டேன்.”

“எதுக்கு?”

“பாக்க நல்லா இல்ல.”

“அப்பிடிப் பாத்தா உங்க மூஞ்சியத்தானே மொதல்ல உரிக்கணும். இதே பேருல மூணு நாட்டுல செய்றாங்கண்ணே. உள்ள இருக்க பல்சக்கரம் ஒண்ணுக்கொண்ணு சேராது. எந்த நாடு, எந்த நம்பருன்னு அந்த ஸ்டிக்கர்லதான் கெடக்கும். அது இல்லாம கம்பெனியில கையால தொட மாட்டான்.”

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் அலுப்பு இறங்கவில்லை.

மறுநாள் ஞாயிறு, டிரைவர் வெள்ளனே வந்து நின்றார். எதையும் மறைக்காமல் சொன்னேன். “சைனா முழுசும் என் நகக்கண்ணுலதாங்க இருக்கு” என்று விரலை நீட்டிக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

“சைனான்னு சொல்லியிருந்தாலும் வாங்கியிருப்பேங்க. சுத்துனாச் சரி, எனக்கென்ன.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் அணைக்குப் போகிற நேரம் தவறக் கூடாதென்று, உரிக்காத புது ரீல் ஒன்றைப் பதிலுக்கு எடுத்து வைத்தேன்.

“இது எந்த ஊருல செஞ்சதுன்னா...” என்று ஆரம்பித்தேன்.

ரீலை வாங்கிக் கவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“நீங்க சொல்ல வேணாம், நானே படிச்சுக்கிறேன்.”