வேலி போட்டவன் நான்

ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் லண்டன் ஈஸ்ட் ஹாமில் கடை போட்டேன், வீடு வாங்கினேன், கோயிலுக்குக் கூரை போட்டேன். காய்கறி போட கவுன்சில் வாடகைக்கு விடும் தோட்டத்தில் ஒரு துண்டு நிலத்துக்கு மட்டும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தேன். பொறுமை கெட்டு, முட்புதர் மூடிய ஒரு துண்டை நானே வெட்டித் துப்புரவாக்கி, ஊர் வழக்கப்படி முதல் வேலையாக வேலி அடைத்தேன். எனக்கு முன்பே பதிந்து காத்திருந்த யாழ்ப்பாணத்து ஆள் வந்து கட்டைகளைப் பிடுங்கினார்.

“இதென்ன உங்கட சீதனக் காணியோ, அண்ணை?”

“கையை எடடா, முறிச்சுப்போடுவன்!”

கட்டையால் என் பல்லை உடைத்தார். மண்வெட்டிப் பிடியால் அவர் கையை முறித்தேன். கவுன்சில் துண்டை அவருக்கே கொடுத்தது.

இப்போது தோட்டக் கண்காட்சியில் அவருடைய பூசணிக்காய்க்குப் பரிசு கொடுக்கிறார்கள். அந்த நிலத்தைத் திருத்தியவன் நான்தான் என்று மேடையில் சொல்லிவிட்டுக் கொடுக்கட்டும்.